மை தீட்டுற இடம்

இல்ல சார், ஜன்னலை முழுசாவே எறக்கிக்குங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். நெனச்சிக்க வேண்டியதெல்லாம் எப்பவோ நெனச்சி முடிச்சாச்சு. காத்துக்காகத்தான்னு சொல்றீங்க, சரி, காத்துக்காகவே இருக்கட்டும். ஒன்பது நாளா வேலையில்லாம வீட்ல உக்காந்திருக்கேன். காலைல ஒரு குளி, சாயங்காலம் ஒரு குளி. இன்னைக்குக் கெளம்பும்போது எம் பொண்டாட்டி பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டு, ஒண்ணும் தெரியல, தைரியமா போய்ட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கா. அதனால நீங்களும் தைரியமா மூச்சு விடலாம்.

பெல்ட்டைப் போடுங்க. கொஞ்சம் மொரண்டு பண்ணும். இழுத்து, விட்டுட்டு, மறுபடி இழுங்க. ஆங், அவ்ளோதான்.

நீங்கதான சொன்னீங்க, அந்த எடத்தை நேர்ல பாக்கணும்னு. அதான் வண்டி எடுத்திருக்கேன். அது வர இன்னும் அரைமணி நேரம் ஆகும். காலைல ஹோட்டல் ஆளுங்களை ஏத்திக்கிட்டு நான் எப்படிப் போவேனோ அதே வழியா, ஒவ்வொரு ஆள் ஏறுற எடமாப் போறேன். பாத்துக்குங்க. வண்டில வந்த ஒன்பது பேரையும் தனித்தனியா உக்கார வச்சி விசாரிச்சாச்சு, கடைசியா டிரைவர். எப்பவும் டிரைவர் கடைசிதான். தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்தாலும் அதான் கதை.

தம்பின்னு கூப்பிடட்டுமா? கூடாதா. சரி, சாராவே இருங்க. எம் பெரிய பையனைவிட ரெண்டு வயசு கம்மியாத்தான் இருக்கும். இருந்தா என்ன, கையில ஃபைலு இருக்கில்ல.

இதோ, இந்தத் தண்ணித் தொட்டி. இங்கதான் மொத ஆளு. அஞ்சு நாப்பது. சமையல்கட்டுக்கு மேல சாப்பாட்டுக்கூடம் இருக்குல்ல, அதைப் பாத்துக்கறவரு. நான் அவருக்கு மிஷின்காரர்னு பேரு வச்சிருக்கேன். என்ன மிஷின்னா, தாடி எடுக்குற மிஷின் சார். பேட்டரில ஓடுமே, அது. ஏறி உக்காந்ததும் பையைத் தொறந்து கிர்ருன்னு ஆரம்பிச்சிருவாரு. ஒரு மாடு பக்கத்துல நின்னு உறுமுற மாதிரி அந்தச் சத்தம், இந்தத் தொட்டிலேர்ந்து அந்த ரயில்வே கேட்டு வரைக்கும். கேட்டுல வண்டி நிக்கும்ல, அப்ப அந்த மிஷின் மூடியைக் கழட்டி, ஃபூன்னு ஊதுவாரு. அந்த முடித்தூள் எங்க போகும்? என் வண்டிக்குள்ளதான் போகும். பத்து வருஷமா அந்தாளு தாடியைக் கூட்டி அள்ளியிருக்கேன். சேத்து வச்சிருந்தா ஒரு தலகாணி தச்சிருக்கலாம்.

ஏன் வீட்ல பண்ணிட்டு வரலைன்னு கேக்கறீங்களா. அதை நீங்க உங்க ஹோட்டலைக் கேளுங்க. வாசல்ல ஒருத்தரை நிறுத்தி வச்சிருக்கீங்களே, வெள்ளை அட்டையோட. தெரியாதா? தலைமை ஆபீஸ்ல இதெல்லாம் தெரியாது போல. ஆறு அம்பதுக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வைப்பாரு. ஆம்பளைங்க கன்னத்துல அந்த அட்டையை வச்சி மேலேர்ந்து கீழ தேய்ப்பாரு. சர்ருன்னு சத்தம் வந்தா அன்னைக்கு வேலை கெடையாது, வீட்டுக்குப் போகலாம். அப்புறம் கையை நீட்டச் சொல்லுவாரு, முன்னாடி பின்னாடி, ஸ்கூல் புள்ளைங்க மாதிரி. நகம் தெரியக்கூடாது. பொம்பளைங்களுக்குத் தலைமுடி காலர்ல படக்கூடாது. மூஞ்சி தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கக்கூடாது, அதுக்கு ஒரு மேக்கப்பு, அது இருக்கணும், ஆனா இருக்கறது தெரியக்கூடாது. என்ன கணக்கோ.

அஞ்சரைக்கு வீட்டை விட்டு வர்றவன் இதெல்லாம் எப்பப் பண்ணுவான்? புள்ளைக்கு சாப்பாடு கட்டணும், தண்ணி புடிக்கணும், நாலு குடும்பத்துக்கு ஒரு குளியலறை, அதுல வரிசையில நிக்கணும். அதனால எல்லாம் என் வண்டில. என் வண்டி வண்டியே கெடையாது சார். பாதி குளியலறை, பாதி முடிவெட்டுற கடை.

இந்த மருந்துக்கடை முன்னாடி ரெண்டாவது ஸ்டாப்பு. இங்க மூணு பேரு ஏறுவாங்க. அதுல ஒருத்தன் ஈரத்தலை. பெட்டி தூக்குற பையன். தலைய தொவட்டாமயே ஓடி வருவான். வந்து, அண்ணே கொஞ்சம் அழுத்திப் போங்கண்ணே, தலை காயணும்பான். ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டிக்கிட்டு வருவான். பஸ்காரன்லாம் திட்டிட்டுப் போவான், என்னைய. இன்னொருத்தரு நகம் வெட்டுவாரு. டிக்கு டிக்குன்னு. ஒரு நாள் அது பறந்து வந்து என் காதுல விழுந்துச்சு சார். பொய் சொல்லல. மூணாவது, சென்ட்டு. டெலிபோன்ல உக்கார்ற பொண்ணு. அடிச்சான்னா கண்ணு எரியும், எதிர்ல வர்ற வண்டி ரெண்டாத் தெரியும்.

அப்படியாப்பட்ட வண்டிக்குள்ள, அத்தனை வாடைக்கு நடுவுல, இவங்களுக்கு என் வாடை மட்டும் தனியாத் தெரிஞ்சிருக்கு. அந்த மூக்கை நெனச்சா கையெடுத்துக் கும்புடத் தோணுது.

இருங்க, வர்றேன். அந்தக் கடுதாசி உங்க ஃபைல்ல இருக்கும்னு எனக்குத் தெரியும். வரிசையா வர்றேன்.

இப்ப இந்தச் சந்துக்குள்ள திரும்பறோமா. அதோ மஞ்ச கேட்டு, மூணு மாடிக் கட்டடம். மூணாவது ஸ்டாப்பு. முன்கூடத்துல நின்னு வர்ற விருந்தாளிங்களைச் சிரிச்சிக் கூப்பிடுதே, அந்தப் பொண்ணு. ஆமா, அவளேதான். நான் வச்ச பேரு ஏழு நிமிஷம்.

சட்டப்படி நான் இங்க அஞ்சு அம்பத்தெட்டுக்கு வரணும். மூணு நிமிஷம் நிக்கணும். ஆள் வரலைன்னா கெளம்பிடணும். அதுக்கு மேல நின்னா வண்டில இருக்கற பெட்டி கீ கீன்னு கத்தும். இவ வர்றது ஏழாவது நிமிஷம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு வருஷம். ஆறாவது நிமிஷமும் வரமாட்டா, எட்டாவதும் ஆகாது. ஒரு கையில செருப்பு, ஒரு கையில பை, தலைல பாதி க்ளிப்பு. சாரிண்ணே, சாரிண்ணேன்னு சொல்லிக்கிட்டே ஏறுவா. பின்னாடி மிஷின்காரர் உச்சு கொட்டுவாரு. என்னைப் பாத்துதான் கொட்டுவாரு, அவளைப் பாத்து இல்ல.

விட்டுட்டுப் போயிருக்கலாமேன்னா... போகப் பாத்தேன் சார். மொத மாசமே. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிட்டு, கியர் போட்டுட்டேன். அப்ப மேல பாத்தேன். ரெண்டாவது மாடி, அந்தக் கம்பி போட்ட ஜன்னல். அங்கதான் நிக்கறா. சீப்பைப் பல்லுல கடிச்சிக்கிட்டு, ஒரு சின்னப் பொண்ணுக்குப் பின்னல் போட்டுக்கிட்டிருக்கா. இன்னொண்ணு அவ காலைக் கட்டிக்கிட்டு வாயத் தொறந்து அழுவுது. அதுக்கு மூஞ்சில சோப்பு நொரை. புருசன் எங்கயோ தூரத்துல வேலை, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வருவானாம். இவ வேலைக்குப் போனப்புறம் பக்கத்து வீட்டு அக்காதான் அதுங்களை ஸ்கூலுக்கு அனுப்புவா. அழுக்கா அனுப்பினா வாத்தியாரம்மா திட்டும்னு, ரெண்டையும் கழுவி, சீவி, உடுத்திவிட்டு, அப்புறம்தான் இவ தன்னைப் பாத்துக்கறா. தன்னைப் பாத்துக்கறதுக்கு மீதி நேரம் எதுவும் இருக்காது. செருப்பு மாட்டக்கூட நேரம் இருக்காது.

கியரை எடுத்துட்டேன். அன்னைலேர்ந்து நின்னேன்.

சந்தோசப்பட்டு நின்னேன்னு எழுதிறாதீங்க. திட்டிக்கிட்டேதான் நின்னேன்.

நாலு நிமிஷம் அதிகம் நின்னா அந்த நாலை எங்கயாவது புடிக்கணும்ல. வேகமாப் போனா அந்தப் பெட்டி உங்க ஆபீசுக்கே சொல்லிக் குடுத்திரும். சரி, இன்னொண்ணு சொல்றேன், இது உங்க ஃபைல்ல இருக்காது. இவ ஸ்டாப்புக்கு அடுத்து, இதோ, இந்த சலவைக்கடை. இங்க நிறுத்தி யூனிஃபார்ம் கட்டை எடுக்கணும். தேச்சி, மடிச்சி, கட்டாக் கட்டி வச்சிருப்பான். எண்ணி ஏத்தறதுக்கு அஞ்சாறு நிமிஷம். அதை இங்க எடுத்தா ஆறு அம்பதுக்கு ஹோட்டல் வாசல்ல நிக்க முடியாது. அதனால என்ன பண்ணேன், மொத ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே தனியா ஒரு நடை இங்க வந்து கட்டை எடுத்துட்டுப் போய்ட்டேன். நானா போட்ட ஏற்பாடு. யாருகிட்டயும் கேக்கல, சொல்லல.

அந்த நேரம் எங்கேர்ந்து வந்துச்சு, கேளுங்க. ஷெட்டு கேட்டை வாட்ச்மேன் நாலரைக்குத்தான் தொறப்பான், ஒரு நிமிஷம் முன்னாடி தொறக்க மாட்டான், அவன் பெரிய ராஜா. உள்ள போனா வண்டியக் கழுவணும். இவ்ளோ பெரிய வண்டி, பக்கெட்டுத் தண்ணி, ஒரு துணி, ஒரு ஆளு. மேல ஏறித் தொடைக்கணும், உள்ள கூட்டணும், அந்தாளு தாடியெல்லாம் அள்ளணும். முடிக்கறப்ப சட்டை பனியனோட ஒட்டிக்கிட்டிருக்கும். முன்னெல்லாம் அதுக்கப்புறம் ஷெட்டுக்குப் பின்னாடி குழாயடில நின்னு நாலு பக்கெட்டு ஊத்திக்குவேன். வீட்லேர்ந்து தேச்ச சட்டை ஒண்ணு கொண்டாந்திருப்பேன், அதை மாத்திக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி வண்டில ஏறுவேன். பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷத்தைத்தான் எடுத்து இந்த சலவைக்கடைக்குக் குடுத்தேன்.

ஆக, அவ சீவிக்கிட்டு வர்றதுக்காக நான் குளிக்காமப் போனேன். சுருக்கமா எழுதணும்னா அப்படி எழுதிக்குங்க.

உங்க ஆளுங்க யூனிஃபார்மெல்லாம் என்ன வெள்ளையா இருக்கும் தெரியுமா. நான் எப்படி எடுத்துட்டு வருவேன்னா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, என் சட்டை அதுல பட்டுறாம, பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரி.

அவகிட்ட சொல்லியிருக்கலாம்ல, என்னன்னு? ஏன் சார் சொல்லணும்? சொன்னா ஐயோ பாவம்பா. நாளையிலேர்ந்து சீக்கிரம் வரேன்பா. வரமாட்டா. அப்புறம் அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நான் ஆறாவதோட படிப்பை விட்டவன், ஆனா இந்த மாதிரி விசயமெல்லாம் சொல்லிக்காட்டற அளவுக்குக் கீழ போகல.

கண்ணாடியா? ஆமா, அது உண்மைதான். யாரு சொன்னா, சென்ட்டா? அவதான் சொல்லியிருப்பா.

இவ உக்கார்றது எனக்கு நேர் பின்னாடி, மொத வரிசை. அவகிட்ட ஒரு கைக்கண்ணாடி இருந்துச்சு. பெரிய பொண்ணு அதைக் கீழ போட்டு ஒடச்சிருச்சாம். அதுக்கப்புறம் என் தலைக்கு மேல இருக்கே, இந்தக் கண்ணாடி, இதை எக்கி எக்கிப் பாத்துக்கிட்டு வந்தா. ஒரு நாள் நானே அவ பக்கம் திருப்பி விட்டேன். தப்புதான். பின்னாடி வர்ற வண்டியப் பாக்கறதுக்குத்தான் அது, எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷமா ஓட்டறேன். ஓரக் கண்ணாடி ரெண்டு இருக்கில்ல, அதை வச்சி சமாளிச்சிக்குவேன். கொஞ்ச தூரம்தான.

அதுக்கும் ஒரு எடம் வச்சிருந்தோம், மீதி நாலு பேரும் ஏறினப்புறம். இதோ வருது பாருங்க, இந்த மேம்பாலத்தை விட்டு எறங்கினதும், குடோன் சுவர் ஓரமா நேரா ஒரு ரோடு. புதுசாப் போட்டது. பள்ளம் இல்ல, மேடு இல்ல, சந்து கெடையாது, ஆள் குறுக்க வரமாட்டான். அரை கிலோமீட்டர் இருக்கும். பவுடரு, லிப்ஸ்டிக்கு இதெல்லாம் எங்க வேணாலும் பண்ணலாம் சார். வண்டி குலுங்கினா தொடச்சிக்கலாம். கண்ணுக்கு மை தீட்டறது அப்படி இல்ல. பென்சிலு கண்ணுக்கு உள்ளாற போகணும். அதுக்கு வண்டி ஆடவே கூடாது. பாலத்தை விட்டு எறங்கறப்ப அவ சொல்லுவா, அண்ணே, ஒரு நிமிஷம். அவ்ளோதான் சொல்லுவா. நான் கண்ணாடியத் திருப்பி விட்டுட்டு, வேகத்தைக் கொறச்சி, ஒரே சீரா, தண்ணி மேல போற மாதிரி போவேன். டம்ளர்ல தண்ணி வச்சா சிந்தாது. அப்படி ஓட்டறது எல்லாருக்கும் வராது. மொதல்ல இடது கண்ணு, அப்புறம் வலது. முடிச்சதும் தேங்க்ஸ்ணேம்பா. நான் பதில் சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் திருப்பிக்குவேன்.

நாலு வருஷம் சார். ஒரு நாள் அவளுக்கு மை கலைஞ்சதில்ல.

கடுதாசிக்கு வர்றேன். ஷெட்டுல பதினொரு டிரைவரு நிக்கறோம், மத்தியானம், சம்பளச் சீட்டு வாங்க. வண்டி இன்சார்ஜு வந்தான். என்னைவிடச் சின்னவன், நான் ஓட்டக் கத்துக் குடுத்தவன். கையில ஒரு தாளு. எல்லாரும் கேட்டுக்குங்கன்னு சத்தமாப் படிச்சான். டிரைவர் மீது வாடை அடிக்கிறது. வண்டியில் உட்கார முடியவில்லை. தினமும் குளித்துவிட்டு வரச் சொல்லவும். கீழ ஒன்பது கையெழுத்து. படிச்சிட்டு பாக்கெட்டுலேர்ந்து ஒரு சோப்பை எடுத்து என் கையில வச்சான். ஹோட்டல் ரூம்ல வைக்கற குட்டி சோப்பு. இந்தா பெரிசு, ஹோட்டல் செலவுல குளின்னான். பதினோரு பேரும் சிரிச்சாங்க. நானும் சேந்துதான் பதினொண்ணு, நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது. அன்னைலேர்ந்து ஷெட்டுல எனக்குப் பேரு சோப்பு. மத்தவங்களுக்குப் பேரு வச்சவனுக்கு ஒரு பேரு கெடச்சிருச்சி.

அவன் தாளை மேசை மேல போட்டுட்டுப் போனான். நான் எடுத்துப் பாத்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனா கையெழுத்து தெரியும். தினம் ட்ரிப் ஷீட்ல என் முன்னாடி கையெழுத்துப் போடறாங்களே. மொதல் கையெழுத்து அவளோடது. அது மட்டும் இல்ல, மேல எழுதியிருந்ததும் அவ எழுத்துதான். அழகா, குண்டு குண்டா. புள்ளைங்க நோட்டுல எழுதிக் குடுத்துப் பழக்கம்.

மத்த எட்டு பேரு போட்டதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவங்க போடுவாங்க. நான் அவங்களுக்கு என்ன பண்ணேன்.

என்னது? கடைசி வரியா? என்ன கடைசி வரி? எங்க, படிங்க.

அவர் நல்ல டிரைவர். அவர் மனம் நோகாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவும்.

ம்.

இதை அவன் படிக்கலையே. மடிப்புக்குக் கீழ இருந்திருக்கு. நானும் அங்க வரைக்கும் கூட்டிப் படிக்கல, பேரைப் பாத்ததும் போதும்னு வச்சிட்டேன்.

எல்லாருமாச் சேந்து, உன் எழுத்துதான் நல்லாருக்கு நீ எழுதுன்னு சொன்னாங்களாமா. அவ சொன்னாளா, மத்தவங்க சொன்னாங்களா? சரி, மத்தவங்களே சொல்லட்டும். அதனால என்ன? கை வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல. நோகாமச் சொல்லணும்னு நெனச்சிருந்தா அதை மொதல் வரியா எழுதியிருக்கணும். கடைசி வரியை யாரு படிக்கறாங்க. இல்ல, நீங்க என்ன சொன்னாலும் சரி. அவளே வந்து சொல்லியிருக்கலாம். என் காதுக்கும் அவ வாய்க்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்குமா? அண்ணே, வேர்வை வாடை வருது, பாத்துக்குங்கன்னு ஒரு வார்த்தை. நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்.

கடுதாசி வந்த மறுநாளும் நான் நின்னேன். ஏழு நிமிஷம். அதுக்கு மறுநாளும். இருபத்திரெண்டு நாள் நின்னேன். சலவைக்கட்டையும் முன்னாடியே போய்த்தான் எடுத்தேன், குளிக்கல. என்ன குறுகுறுன்னு பாக்கறீங்க. குளிச்சிருந்தா கடுதாசிக்குப் பயந்த மாதிரி ஆயிடாதா? அவ சாரிண்ணே சொன்னா, ஒரு நிமிஷம்ணே சொன்னா, தேங்க்ஸ்ணே சொன்னா. ஒண்ணுமே நடக்காத மாதிரி. நானும் கண்ணாடியத் திருப்பி விட்டேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி. எம் பொண்டாட்டி கூடக் கேட்டா, என்னங்க ராத்திரில பல்லை நறநறன்னு கடிக்கறீங்கன்னு.

இதோ, இதுதான் எடம். ஓரமா நிறுத்தறேன். எறங்க வேணாம், இங்கேர்ந்தே தெரியும். இது குடோன் சுவரு. அந்தப் பக்கம் வேலி. ரோட்டுல டயர் தடம் இன்னும் இருக்கு பாருங்க, அந்தக் கறுப்புக் கோடு, அதான். பிரேக்கை நல்லா மிதிச்சிருக்கேன்.

நீங்க சொல்லுங்க, எதைப் பாத்து பிரேக் போட்டேன்னு உங்க ஒன்பது பேரு என்ன சொன்னாங்க. எனக்கும் தெரிஞ்சிக்கணும்.

மிஷின்காரர் செவப்பு நாய்னு சொன்னாரா. அந்த நேரத்துல அவரு மோவாயைத் தூக்கிக்கிட்டுக் கழுத்துக்கு அடியில ஓட்டிக்கிட்டிருந்தாரு, கூரையைத்தான் பாத்திருக்க முடியும். ஈரத்தலை கறுப்புன்னு சொன்னான். ம். அவன் தலை பின்பக்கம் ஜன்னல்ல இருந்துச்சு. சென்ட்டு குட்டிநாய்னு சொல்லியிருக்கா. கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்துல அடிச்சிக்கிட்டிருந்தவ. பாவம், குட்டியா. நகம் வெட்டறவரு, நொண்டிக்கிட்டே ஓடுச்சுன்னாரா? ஒன்பது பேருக்கும் சேத்து எத்தனை நாய் வந்துச்சு, எண்ணிப் பாத்தீங்களா? வண்டி நின்னதும் நான் ஒரு வார்த்தை சொன்னேன், நாய்னு. அதுக்கப்புறம் எல்லாரும் அவங்கவங்க நாயைப் பாத்துட்டாங்க. ஆறேகாலுக்கு ரோட்டைப் பாக்கற ஆளு அந்த வண்டில ஒருத்தன்தான் இருக்கான். மத்தவன்லாம் அவனவன் மூஞ்சியப் பாக்கறான்.

அவ கண்ணு எப்படி இருக்காம்? பார்வை போகாதுன்னுட்டாங்களா. சரி. கட்டு எப்பப் பிரிப்பாங்க? கருவிழியில கோடு விழுந்துருச்சு, அது மாறாதாமா. முன்கூடத்துல நிக்க முடியாதுன்னு உள்ள துணி மடிக்கிற எடத்துக்கு அனுப்பறாங்களா. உங்க ஹோட்டல்தான, அப்படித்தான் பண்ணுவீங்க. அங்க வெள்ளை அட்டை கெடையாது, நகம் பாக்க மாட்டாங்க, ஏழரைக்குப் போனாப் போதும். புள்ளைங்களை நிதானமாச் சீவலாம்.

நக்கல் பண்ணல சார். எனக்குப் பேசத் தெரியற விதம் அதான்.

அவ என்ன எழுதிக் குடுத்திருக்கா? படிங்க. மெதுவாப் படிங்க.

ஓடும் வண்டியில் மை தீட்டியது என் தவறு. நாய் குறுக்கே ஓடியதை நானும் பார்த்தேன். டிரைவர் பிரேக் போடாவிட்டால் விபத்து ஆகியிருக்கும். நாலு வருடமாக எனக்காகத் தினமும் காத்திருந்தவர். அவர் மேல் நடவடிக்கை வேண்டாம்.

நானும் பார்த்தேன்னு எழுதியிருக்காளா. மறுபடி அந்த வரியப் படிங்க. நானும் பார்த்தேன்.

அதோட ஃபைலை மூடிடலாம், நாளைக்கே நான் வண்டி எடுக்கலாம், அதான சொல்ல வர்றீங்க? இன்னும் பதினாலு மாசம் ஓட்டிட்டு மாலை போட்டு அனுப்பிருவீங்க. ரொம்ப நல்லது. இருங்க, பேனாவை மூடாதீங்க.

கொஞ்சம் பின்னாடி போய் எனக்கு நேர் பின்னால, அவ சீட்டுல உக்காருங்க. சொல்றதைச் செய்யுங்க சார், அரை நிமிஷம். உக்காந்துட்டீங்களா? இப்ப இந்தக் கண்ணாடியத் திருப்பறேன். உங்க மூஞ்சி தெரியுதா? வேற என்ன தெரியுது? என் கண்ணு தெரியுதுல்ல. இந்தக் கண்ணாடில நான் உங்களைப் பாத்தா, நீங்களும் என்னைப் பாக்கலாம். ரோடு தெரியுதா? என் தலை மறைக்குதுல்ல. இங்கேர்ந்து நாய் என்ன, யானையே குறுக்க போனாலும் தெரியாது.

எழுதிக்குங்க. நாய் வரல. எதுவும் வரல. ரோடு காலியா இருந்துச்சு. பென்சிலு உள்ள போற வரைக்கும் பொறுத்திருந்துதான் மிதிச்சேன், அவளைப் பாத்துக்கிட்டே. மிதிக்கும்போது அவளும் என் கண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. நாய் இல்லைன்னு அந்த வண்டில என்னைத் தவிர அவ ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவ போட்ட பிச்சைல என்னால வண்டி ஓட்ட முடியாது சார். நாய்னு எழுதினதை அடிச்சிட்டு, நான் சொன்னதை எழுதுங்க.